சிறுவர் வரலாற்று நாவலில் வருணனையும் உவமையும்

சிறுவர்க்கென எழுதப்பெற்ற வரலாற்று நாவல்களைச் சுருக்குவோரும் மொழிபெயர்ப்போரும் முதற்கண் நீக்குவன வருணனைப் பகுதிகளே. கதை விரைந்து செல்லவேண்டும், இளையோர் வருணனையிற் சலிப்புறுவர் என்பது அவர்தம் கருத்து. அது பொருந்துமா என்பதனை, ஆங்கில நாவலாசிரியர் ரோஸ்மேரி சட்கிளிப் 1954-இல் வெளியிட்ட ‘ஒன்பதாம் படையின் கழுகு’ என்னும் நாவலைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் பிரித்தானியாவே கதைக்களம். வடபுலம் சென்று மறைந்த உரோமப் படையின் கழுகுச் சின்னத்தை, அப்படையோடு மறைந்த தலைவனொருவனின் மகன் மார்க்கசு தேடிச் செல்கின்றான். முன்னர் அவன் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற எஸ்கா என்னும் பிரித்தானியன் துணை செல்கின்றான். சில்செஸ்டரில் 1866-இல் கிடைத்த வெண்கலக் கழுகு இக்கதைக்கு வித்துக்களுள் ஒன்று. அக்கழுகு படைச்சின்னமன்று, சிலையொன்றின் உறுப்பாகலாம் என்பதும், ஒன்பதாம் படை பிரித்தானியாவில் அழியாது நெதர்லாந்துப் பகுதிக்குச் சென்றிருத்தல் கூடும் என்பதும் பிற்கால ஆய்வாளர் பலர் கருத்து. எனவே, இந்நாவலின் வரலாற்றுண்மையை நிகழ்ச்சியில் மட்டும் தேடுதல் சாலாது. வருணனையிலும் தேடல் வேண்டும்.

தொடக்கப் பகுதியில், கிராடாக் என்பானின் இல்லத்தில் நாரையிறகு அணிந்த வேலொன்றை மார்க்கசு காண்கின்றான். முதற்கண் அஃது இல்லத்தின் அழகினைக் கூறும் வருணனையாகவே தோன்றும். அவ்வேல் போருக்கெனச் செப்பஞ் செய்யப்பெற்றது என்பது பின்னரே புலனாகின்றது. இங்கு வருணனை கதையை நிறுத்தவில்லை. கதையே அதனுள் மறைந்து நடக்கின்றது.

இதனினும் சிறந்தது எஸ்கா கூறும் ஒப்புமை. உரோமர் நீதியும் ஒழுங்கும் நல்ல சாலைகளும் தந்தும் பிரித்தானியர் அவர்களை வெறுப்பது ஏன் என்னும் வினாவுக்கு, அவன் உரோமக் குறுவாளின் உறையையும் பிரித்தானியக் கேடயத்தின் குமிழையும் காட்டி விடை கூறுகின்றான். ஒன்றில் அளவொத்து நிற்கும் ஒழுங்கான வேலைப்பாடு. மற்றதில் ஒன்றினின்று ஒன்று பெருகியோடும் வளைகோடுகள். வினை, பயன், மெய், உரு என உவமத் தோற்றம் நான்கு வகுத்தார் தொல்காப்பியர். ஈண்டு உவமை மெய்பற்றியது. பொருளோ கண்ணுக்குப் புலனாகாத வாழ்க்கை நெறி. பேரரசுக்கும் அடிப்பட்ட குடிக்கும் இடையேயுள்ள பிணக்கைச் சிறுவரும் கண்ணாற் காணுமாறு செய்தது இவ்வொப்புமையே. இஃது ஆசிரியர் வெளியினின்று கொணர்ந்ததன்று. அக்காலத்துக் கைவினைப் பொருள்களினின்றே பிறந்தது.

இறுதியில் வரும் ஒலிவமரப் பறவையும் இத்தகையதே. தந்தையின் நினைவையும் இத்தாலிய இளமையையும் தாங்கிய அச்சிறு பொருளை மார்க்கசு தீயிலிடுகின்றான். பிரித்தானியாவிலேயே வாழத் துணிந்த அவன் மனமாற்றத்தை அச்செயலே உணர்த்தி நிற்கின்றது.

கேடய ஒப்புமையை நீக்கின், எஸ்கா மார்க்கசுக்குக் கூறும் மறுமொழி மறையும். அவன் வெறும் ஏவலனாகவே எஞ்சுவான். பறவையை நீக்கின், முடிவு காரணமின்றி நிற்கும். ஆதலின், ஒரு பகுதியைக் களையுமுன் அது கதையை அழகு செய்கின்றதா, தாங்கி நிற்கின்றதா எனச் சுருக்குவோர் ஆராய்தல் கடமையாகும். தாங்குவதனைக் களைந்தபின் எஞ்சுவது நிகழ்ச்சி நிரலேயன்றி நாவலன்று.