தேநீரின் பாதி நீர்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவில் மகாவலி கடலோடு கலக்கிறது. தேயிலை விளையும் மலைநாட்டில் பிறந்து, 335 கிலோமீற்றர் ஓடி, தேயிலை விளையாத இக்கரையில் அது முடிகிறது. இம்மாவட்டத்துக்கும் தேயிலைக்கும் உள்ள உறவு குடிப்பதோடு நின்றுவிடுகிறது என்றே பலரும் எண்ணுவர். ஆராய்ந்தால் உறவு இன்னும் நெருங்கியது. மலையில் இலைக்கு மணமூட்டும் காற்று இங்கே அனற்காற்றாய் வந்திறங்குகிறது. மலையிற் பெய்யும் மழை இங்கே குழாய்நீராய் வீடுகளுக்கு வருகிறது. ஆகவே சீனத்துக் கறுப்புத் தேயிலை ஒரு பொதியை இந்நகரில் பிரித்துத் தேநீர் ஊற்றுபவர், தாவரவியல், வளிமண்டலவியல், வேதியியல் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பையிற் காணலாம்.

நல்ல இலை கிடைத்தால் நல்ல தேநீர் கிடைக்கும் என்பது பாதி உண்மை. மறுபாதி நீரில் உள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீனத்து இலை

பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை யாவும் கமேலியா சைனென்சிஸ் என்னும் ஒரே செடியின் இலைகளே. அச்செடியில் இரு பெருவகைகள் உள்ளன. சீன வகை சிற்றிலையுடையது, குளிரைத் தாங்குவது. அசாம் வகை பேரிலையுடையது. வெம்மையும் மழையும் மிக்க நிலங்களிற் செழிப்பது. இலங்கைக்கு முதலில் வந்தது சீன வகையே. 1824இல் அது பேராதனைத் தாவரப் பூங்காவில் நடப்பட்டது. அசாம் வகை 1839இல் வந்து சேர்ந்தது. 1841இல் புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்தில் மொரிஸ் வோம்ஸ் சீனச் செடிகளை நட்டுப் பார்த்தார். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக்கினார். இரண்டாண்டுகளிற் கோப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் தாக்கியது. கோப்பி வீழ, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. விளைச்சல் கருதித் தோட்டங்கள் அசாம் வகையையும் கலப்பினங்களையுமே பரப்பின. எனவே சீன வகையின் தனிச்சுவையை அறிய விரும்பும் இலங்கையர் இன்று சீனத்து இலையையே நாட வேண்டியுள்ளது.

சீனக் கறுப்புத் தேயிலைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. அன்ஹுய் மாகாணத்தின் கீமுன், 1875ஆம் ஆண்டளவில் உருவானது. மெலிந்து முறுகிய சிற்றிலை, மலர்மணம் உடையது. ஃபுஜியன் மாகாணத்து வூயி மலையின் லாப்சாங் சூச்சொங், பைன் விறகின் புகையில் உலர்த்தப்படுவது. புகையின் மணமே அதன் அடையாளம். யுன்னான் மாகாணத்துக் கறுப்புத் தேயிலை 1939இல் உற்பத்திக்கு வந்தது. பேரிலை வகையிலிருந்து செய்யப்படுவது, பொன்னிற மொட்டுகள் கலந்தது. முதலிரண்டும் சீன வகை, மூன்றாவது அசாம் வகை என்பதை நினைவில் நிறுத்திச் சுவைத்தால் வேறுபாடு எளிதிற் புலப்படும்.

இலை கறுக்கும் வேதியியல்

பறித்த இலை முதலில் வாட்டப்படுகிறது. நீர் குறைந்து இலை துவண்டபின் சுருட்டப்படுகிறது. சுருட்டும்போது உயிரணுக்கள் உடைகின்றன. அதுவரை உயிரணுவின் வெவ்வேறு அறைகளிற் பிரிந்திருந்த கேட்டெச்சின் என்னும் பொருள்களும் நொதியமும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. காற்றிலுள்ள உயிர்வளி அவற்றோடு சேர, பச்சை இலை செம்பாகிப் பின் கறுக்கிறது. இம்மாற்றத்தில் நுண்ணுயிர்களுக்குப் பங்கில்லை. இலையின் சொந்த நொதியமே அனைத்தையும் செய்கிறது. பின்னர் வெப்பக்காற்றில் உலர்த்தும்போது நொதியம் செயலிழக்கிறது. இலையின் ஈரம் நூற்றுக்கு மூன்று அளவுக்குக் குறைகிறது.

கேட்டெச்சின்கள் இணைந்து இருவகைப் பொருள்களாகின்றன. பொன்னிறம் தருவதும், நாவைச் சுறுசுறுப்பாக்கும் துவர்ப்பைத் தருவதும் தியாஃபிளேவின். செம்பழுப்பு நிறமும் வாய் நிறைந்த கனமும் தருவது தியாரூபிகின். அசாமின் தொக்லாய் ஆய்வு நிலையத்தோடு தொடர்புடைய இ. ஏ. எச். ரொபேட்ஸ் 1950களிற் செய்த ஆய்வுகளே இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் வழியைத் திறந்தன. நல்ல தேநீரின் விளிம்பிற் காணும் பொன்வளையம் தியாஃபிளேவினின் கொடை.

மணத்தின் கதை வேறு. மணப்பொருள்கள் பல, பச்சை இலையிற் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்து, மணமின்றிக் கிடக்கின்றன. உயிரணு உடையும்போது வேறொரு நொதியம் அப்பிணைப்பை அறுக்கிறது. மணம் விடுதலை பெறுகிறது. சீன வகையில் செரானியோல் என்னும் பொருள் மிகுதி. உரோசா மலரின் மணமும் அதுவே. அசாம் வகையில் லினலூல் மேலோங்கும். கீமுனை முகர்ந்தவுடன் உரோசாவின் நினைவு வருவது கற்பனையன்று. இரண்டிலும் இருக்கும் மூலக்கூறு ஒன்றுதான்.

கச்சான் காற்று

கீமுனோடு ஒப்பிட்டுச் சுவைக்க இலங்கையிலேயே ஓர் இலை உண்டு: ஊவா. அதன் உயர்ந்த மணம் ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களிற் பறிக்கும் இலைக்கே வாய்க்கிறது. அதற்குக் காரணமான காற்றைத் திருகோணமலை மக்கள் நன்கு அறிவர். அதுவே கச்சான்.

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. குளிர்ந்து மழையைக் கொட்டுகிறது. ஈரம் இழந்த அக்காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுக்கத்தால் வெப்பமடைகிறது. ஈரக்காற்று ஏறும்போது ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை குளிரும். உலர்காற்று இறங்கும்போது 10 பாகையளவு சூடேறும். ஆகவே புறப்பட்ட வெம்மையை விட மிகுந்த வெம்மையோடு அது கீழ்க்கரைக்கு வருகிறது. இங்கே கிணறு வற்றவும் உடல் எரியவும் செய்யும் அக்காற்று, வழியில் ஊவாச் சரிவுகளின் செடிகளை வாட்டுகிறது. வாடும் செடி மெல்ல வளர்கிறது. மணப்பொருள்களை மிகுதியாகச் சேர்க்கிறது. அவற்றுள் மீதைல் சாலிசிலேற்று ஊவாவின் தனி அடையாளம். தசைவலித் தைலங்களில் உள்ளதும் இதே பொருள். கீமுனையும் ஊவாவையும் அருகருகே வைத்துப் பருகுவோர் ஒன்றில் மலரையும், மற்றொன்றில் கச்சானையும் உணர்வர்.

கிணறும் குழாயும் மழையும்

தேநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்களவு நீர். ஆயினும் இலையின் விலையை ஆராய்வோர் நீரின் தன்மையை ஆராய்வதில்லை. இலங்கையின் உலர்வலய நிலத்தடி நீர் பெரும்பாலும் வன்னீர். கல்சியமும் மகனீசியமும் மிக்கது. கடலோரக் கிணறுகளில் உவரும் சேரும். திருகோணமலை நகருக்கு வரும் குழாய்நீரோ கந்தளாய்க் குளத்து நீர். மாத்தளை மலைகளில் பிறக்கும் அம்பன் கங்கையின் நீர் எலகெர வாய்க்கால் வழியே மின்னேரியா, கவுடுல்ல குளங்களைக் கடந்து கந்தளாயை அடைகிறது. மாரி காலத்தில் கூரையிலிருந்து பிடிக்கும் மழைநீர் இவையனைத்திலும் மென்மையானது.

வன்னீரில் ஊற்றிய தேநீரின் மேற்பரப்பிற் சிறிது நேரத்தில் ஓர் ஆடை படரும். கோப்பையின் உட்புறத்திலும் கறையாய் ஒட்டும். எண்ணெய் என்றோ, மட்டமான இலை என்றோ பலரும் ஐயுறுவர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் ஸ்பைரோவும் அவருடைய உடனாய்வாளரும் 1990களில் இதனை ஆராய்ந்தனர். நீரில் கல்சியமும் இருகாபனேற்றும் சேர்ந்திருந்தால்தான் ஆடை தோன்றும். காற்றிலுள்ள உயிர்வளியோடு தேநீரின் பொருள்கள் வினைபுரிந்தே அது உருவாகிறது என்று கண்டனர். ஆகவே குற்றம் இலையினுடையதன்று.

இருகாபனேற்று நிறத்தையும் மாற்றும். அது நீரைக் காரத்தன்மையின் பக்கம் சாய்ப்பதால் தேநீர் இருண்டு மங்குகிறது. அதே கோப்பையில் தேசிக்காய்ச் சாறு சில துளிகள் விட்டால் நிறம் சட்டென வெளிறுகிறது, ஆடையும் கரைகிறது. அமிலம் சேர்ந்ததன் விளைவு இது. நீரை நன்றாகக் கொதிக்கவைத்துத் தெளியவிடுவதும் ஒரு வழி. கொதிக்கும்போது கல்சியத்தின் ஒரு பகுதி வெண்படிவாய்க் கேத்தலின் அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் சற்று மென்மையாகும். உவர் மட்டும் இவ்வழியில் நீங்காது. உவர்க்கிணற்று நீரைத் தேநீருக்கு விலக்குவதே நன்று.

அனலும் காலமும்

கடல்மட்டத்திற் கொதிநீரின் வெப்பம் 100 பாகை. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் நீர் 94 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடும். கறுப்புத் தேயிலையின் கனமான பொருள்கள் வெளிவர மிகு வெப்பம் வேண்டும். அவ்வகையில் மலைநாட்டுக்கு இல்லாத வசதி துறைமுக நகருக்கு உண்டு. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் குளிப்பவருக்கு வெப்பமானவை. ஆனால் தேயிலை வேண்டும் வெப்பத்தில் அவை பாதியையும் எட்டுவதில்லை.

நம் கடைகளில் மிகுதியாய் விற்பது தூளும் உடைந்த இலையும். துகள் சிறிதாக இருந்தால் நீர்படும் பரப்பு பெருகும், சாயம் விரைந்திறங்கும். சீனத்து இலை முழு இலை. அதனை அவசரப்படுத்தக் கூடாது. நெடுநேரம் ஊறவிடவும் கூடாது. முதலில் விரைந்து கரைவது கஃபீன். துவர்ப்புப் பொருள்கள் மெல்லத் தொடர்கின்றன. உரிய நேரத்தைத் தாண்டி ஊறவைத்தால் மணம் கூடுவதில்லை. கசப்பும் துவர்ப்புமே கூடுகின்றன.

தேயிலைச் சுவைஞர் ஒப்பிட்டு நோக்குவதற்கென அனைத்துலகத் தர அமைப்பு 1980இல் வெளியிட்ட முறை, 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்று வகுக்கிறது. அது குறைகளை வெளிக்கொணர்வதற்கான கடுமையான முறை. அருந்துவதற்கு அதே அளவு இலையோடு மூன்று நிமிடம் போதும். பீங்கான் பாத்திரத்தை முதலிற் கொதிநீரால் அலசுக. குளிர்ந்த பாத்திரம் வெப்பத்தைத் திருடிக்கொள்ளும். இலையைத் தேக்கரண்டியால் அளப்பது பிழைபடும். முறுகிய முழு இலை இடத்தை நிறைக்கும், எடை குறைவாயிருக்கும். சிறு தராசு ஒன்று இருந்தால் ஐயம் இல்லை. சீனர் பின்பற்றும் மற்றொரு முறையில், 100 மில்லிலீற்றர் அளவான மூடியுள்ள கிண்ணத்தில் 4 அல்லது 5 கிராம் இலையிட்டுச் சில நொடிகளே ஊறவைத்து வடிப்பர்; அதே இலையில் மீண்டும் மீண்டும் நீரூற்றுவர். ஒவ்வொரு முறையும் கரையும் பொருள்களின் விகிதம் மாறுவதால் சுவையும் மாறும்.

நாவும் மூக்கும்

கொழும்பில் 1883 சூலை 30ஆம் நாள் முதல் ஏலம் நடந்த காலந்தொட்டு, தேயிலைக்கு விலை வகுப்பது சுவைஞரின் வாய். அவர்கள் சாயத்தை ஓசையெழ உறிஞ்சுவது நாகரிகக் குறைவன்று. உறிஞ்சும்போது நீர் நுண்துளிகளாய்ச் சிதறுகிறது. மணப்பொருள்கள் தொண்டையின் பின்வழியே மூக்கை அடைகின்றன. இதனைச் சோதிப்பது எளிது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு பருகினால் கசப்பும் துவர்ப்பும் மட்டுமே தெரியும். கையை எடுத்தவுடன் மலர்மணம் வந்து சேரும்.

துவர்ப்பும் நா அறியும் பிற சுவைகளைப் போன்றதன்று. தேநீரின் பொருள்கள் உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றிக்கொள்ள, வாயின் வழுவழுப்புக் குறைகிறது; அவ்வுலர்வையே துவர்ப்பென உணர்கிறோம். பால்மா சேர்த்தால் பாற்புரதம் முந்திக்கொண்டு அப்பொருள்களைப் பற்றுகிறது. துவர்ப்புத் தணிகிறது, மணமும் உடன் மங்குகிறது. பாலும் சீனியும் தடித்த தூள்தேயிலைக்குப் பொருந்தும். கீமுனுக்கு அவை தேவையில்லை. வெறுந்தேத்தண்ணியாகவே முதலிற் பருகுக. ஆறியபின் தேநீர் கலங்கினாலும் கவலை வேண்டாம். கஃபீனும் தியாஃபிளேவினும் கைகோத்துத் திரள்வதால் வரும் கலக்கம் அது. சாயத்தின் வளத்துக்குச் சான்று.

உடல்நலம் பற்றியும் இரு குறிப்புகள் வேண்டும். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவம் 2016இல் வகைப்படுத்தியது. சற்று ஆறிய தேநீரிலேயே மணமும் தெளிவாய்த் தெரியும், காத்திருப்பதால் இழப்பில்லை. சோற்றோடும் கீரையோடும் சேர்த்துத் தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பது குறையும். உண்டபின் ஒரு மணிநேரம் கழித்து அருந்துவதே தக்கது.

இலையைக் காப்பதிலும் இந்நிலத்துக்குரிய கவனம் தேவை. உலர்ந்த இலை ஈரத்தையும் அயல்மணத்தையும் விரைந்து உறிஞ்சும். கடற்காற்றும் மாரிக்குளிரும் மாறிமாறி வரும் ஊரில், பொதியைத் திறந்தபடி வைத்தால் சில கிழமைகளிற் கீமுனின் மலர்மணம் போய்விடும். காற்றுப்புகாத தகரப் பெட்டியில், கருவாட்டுக்கும் சரக்குத்தூளுக்கும் எட்டத்தில் வைக்க வேண்டும்.

திருகோணமலைப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வன்னீர், மென்னீர் என்னும் பாடம் நடத்தும் நாளில் கிணற்றுநீர், குழாய்நீர், மழைநீர் மூன்றையும் கொதிக்கவைத்து, ஒரே எடை இலையை ஒரே நேரம் ஊறவைத்து, வெண்பீங்கான் கோப்பைகளில் மாணவர் முன் வையுங்கள். எது தெளிந்தது, எது மங்கியது, எதில் ஆடை படர்ந்தது என்று அவர்களே எழுதட்டும். செலவு மூன்று கோப்பைத் தேயிலையே. இருகாபனேற்று என்னும் சொல்லை அம்மாணவர் பின்னர் மறக்கமாட்டார்.