கையாற் செய்த மின்கிற்றார்

வீணையின் குடம் கம்பியின் மெல்லிய அதிர்வை வாங்கிப் பெருக்கிச் சபைக்கு வழங்குகின்றது. மின்கிற்றாரில் அப்பணி மரத்துக்குரியதன்று. உருக்குக் கம்பிகளின் கீழே, காந்தத்தைச் சூழ்ந்து செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். கம்பி அதிருந்தோறும் காந்தப்புலம் மாறுபட, சுருளில் மின்னோட்டம் எழும். பரடே 1831இல் கண்ட விதியே இது. அம்மின்னைப் பெருக்கி ஒலியாக்குவது வேறொரு கருவியின் கடன். எனவே, ஒரு பலகையும் ஆறு கம்பிகளும் காந்தமும் கிடைத்தால் யாரும் இதனைச் செய்துவிடலாம் என்று தோன்றும். அது அத்துணை எளிதன்று என்பதை இலண்டனுக்கு மேற்கே பெல்தமில் ஒரு தந்தையும் மகனும் செய்த முயற்சி காட்டுகின்றது.

1963இல் பிறையன் மே 16 வயது மாணவர். விரும்பிய கிற்றாரை வாங்கப் பொருள் இல்லை. தந்தையார் ஹரல்ட் மே மின்னணுத் தொழில் அறிந்தவர். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையும் தாமே செய்தவர். இருவரும் ஏறக்குறைய 2 ஆண்டுகள் உழைத்தனர். கணப்படுப்பின் மேற்சட்டமாயிருந்த பழைய மகோகனி மரம் கருவியின் கழுத்தாயிற்று. அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பழைய மேசையொன்றின் ஓக்கு மரம் உடலுக்குப் பயன்பட்டது. உடலின் உள்ளே சில இடங்களைக் குடைந்து வெற்றிடமாக விட்டனர். ஒலிபெருக்கியின் ஓசை மீண்டு வந்து கம்பியைத் தானே அதிரச் செய்தல் வேண்டும் என்பது மகனின் விருப்பம்.

கம்பியின் நீளம் 24 அங்குலம். ஒவ்வொரு மெட்டும் மீடிறனை 2இன் பன்னிரண்டாம் மூலத்தால், அஃதாவது ஏறக்குறைய 1.0595 மடங்கால், உயர்த்தல் வேண்டும். ஆகவே முதல் மெட்டு 1.347 அங்குலத்திலும், ஏழாவது 7.98 அங்குலத்திலும், பன்னிரண்டாவது சரிநடுவே 12 அங்குலத்திலும் அமையும். வீணையிலும் இக்கிற்றாரைப் போலவே 24 மெட்டுக்கள் உள. ஆயின் அவை மெழுகிற் பதிந்தவை. செவி பிழை கண்டால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். மரத்தில் வாளால் அறுத்த பள்ளம் நகராது. இங்கே செவிக்கு முன் கணக்கு நிற்றல் வேண்டும்.

இதனினும் அரிய சிக்கல் ஒன்றுண்டு. கிற்றார்கள் பலவற்றில் ஒரு பிடி இருக்கும். அதனை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுருதி தாழும். விட்டால் பழைய சுருதி மீள வேண்டும். மீளாமையே பெருங்குறை. கம்பி தொட்டு நிற்கும் ஒவ்வோர் இடமும் உராய்வினால் அதனைச் சிறிது பற்றிக்கொள்ளும். இவ்விருவரும் உராய்வு எங்கே பிறக்கின்றது என்று தேடித் தேடிக் குறைத்தனர். கம்பிகளைத் தாங்கும் தகடு கத்திமுனையொன்றின்மேல் ஆடியது. ஆய்வுகூடத் தராசைக் கண்ட மாணவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கம்பிகளின் இழுவைக்கு எதிராக நின்றவை 1928ஆம் ஆண்டுப் பந்தர் மோட்டார்ச் சைக்கிளின் இரண்டு வால்வுச் சுருள்விற்கள். பாலத்திலே கம்பிகள் சிறு உருளைகளின்மேற் சென்றன. பிடியோ சைக்கிளிற் பை தாங்கிய கம்பி. அதன் நுனி அன்னையாரின் பின்னலூசித் துண்டு. இப்பழம்பொருள்களையே வியந்து பேசுவோர் பலர். எப்பொருள் எவ்விடத்திற்குப் பொருந்தும் என்று கண்ட அறிவன்றோ வியக்கத்தக்கது!

காந்தச் சுருள்களையும் முதலிலே தாமே சுற்றினர். ஒலி நன்றாயிருந்தது. ஆயினும் கம்பியை விரலால் ஒருபுறம் வளைத்து இழுக்கையில், அது காந்தமுனைகளைக் கடந்து வேண்டாத ஓசையை எழுப்பிற்று. ஆகவே பேர்ன்ஸ் நிறுவனத்தின் சுருள்கள் மூன்றை விலைக்கு வாங்கிப் பூட்டினர். கைப்பணி என்ற பெயருக்காக அவர்கள் குறையைச் சுமக்கவில்லை.

தந்தையும் மகனும் கூடிச் செய்த இக்கருவியே பின்னர் இருவரிடையே பிணக்கும் விளைத்தது. இம்பீரியல் கல்லூரியில் ஞாயிற்றைச் சூழ்ந்த தூசுமண்டலத்தை ஆராய்ந்துகொண்டிருந்த மகன், 1970இல் தோன்றிய குயீன் இசைக்குழுவுக்காக ஆராய்ச்சியை இடையில் விட்டார். பாட்டுக்காகப் படிப்பை விடுவதைத் தந்தையார் ஏற்றிலர். பெற்றோர் பலர்க்கும் இது புதிய துயரன்று. நியூயோர்க் மடிசன் சதுக்க அரங்கிலே மகன் வாசித்ததை நேரிற் கண்ட பின்னரே அவர் மனந்தேறினார். 2002இல் பக்கிங்காம் அரண்மனைக் கூரைமீது நின்று பிறையன் வாசித்ததும் இக்கிற்றாரையே. விட்ட ஆராய்ச்சியை மீண்டும் எடுத்து 2007இல் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றபோது தந்தையார் உயிருடன் இல்லை.