ஐமர்: ஒரு வாளியின் சொற்பிறப்பு

செருமானிய வீடுகளில் குப்பை போடும் வாளியை ‘மியூல்ஐமர்’ என்பர். ‘மியூல்’ என்பது குப்பை. ‘ஐமர்’ என்பது வாளி. இது தொகைச்சொல் என்பது வெளிப்படை. ஆயின், இன்று பகாப்பதம்போல் தோன்றும் ‘ஐமர்’ என்பதும் ஒரு காலத்தில் தொகைச்சொல்லாகவே உணரப்பட்டது. அவ்வுணர்வு எவ்வாறு எழுந்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பழைய உயர் செருமானியத்தில் இச்சொல்லின் வடிவம் ‘எயிம்பர்’ என்பதாகும். அம்மொழியில் ‘எயின்’ ஒன்றையும் ‘பெரன்’ சுமத்தலையும் குறிக்கும். எனவே, ஒரு கைப்பிடியால் தூக்கப்படும் கலம் எனப் பொருள்கொள்ள இடமுண்டு. இரு கைப்பிடிகளையுடைய தொட்டிக்கு ‘ட்சுவிபர்’ என்னும் பெயர் வழங்கியது. இன்றைய ‘ட்சூபர்’ அதன் வழிவந்ததே. அதில் ‘ட்சுவி’ இரண்டைக் குறிக்கும். ஒன்றும் இரண்டுமாக அமைந்த இவ்விணை மேற்கண்ட பிரிப்பை ஐயத்திற்கு இடமற்றதாகக் காட்டுகிறது.

உண்மை வேறு. ‘எயிம்பர்’ இலத்தீன் ‘ஆம்ஃபொரா’விலிருந்து பெற்ற கடன்சொல். பழைய ஆங்கிலத்தில் இதே கடன்சொல் ‘அம்பர்’ என்றே நின்றது. அங்கே ‘ஒன்று’ நுழையவில்லை. இலத்தீன் இதனைக் கிரேக்கத்திலிருந்து பெற்றது. கிரேக்கத்தில் ‘அம்ஃபி’ என்பது இருபுறமும். ‘ஃபெர்’ என்பது சுமத்தல். ஆக, இரு கைப்பிடிச் சாடியின் பெயரே ஒரு கைப்பிடி வாளியின் பெயராயிற்று. பொருள் விளங்காத சொல்லை மக்கள் தமக்குத் தெரிந்த சொற்களாக மாற்றியமைத்துக்கொள்ளும் இப்போக்கை எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமன் 1852இல் ‘மக்கள் சொற்பிறப்பு’ என்னும் பெயரால் ஆராய்ந்தார்.

இப்பிழையினுள்ளும் ஓர் உண்மை உண்டு. கிரேக்க ‘ஃபெர்’, செருமானிய ‘பெர்’, வடமொழி ‘பர்’ ஆகிய மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். தமிழில் வழங்கும் ‘பாரம்’ அவ்வடமொழி வேரின்வழி வந்த கடன்சொல். சொல்லின் முற்பகுதியில் தவறிய மக்கள், பிற்பகுதியில் தம்மையறியாமலே மூலத்தின் உறவைத் தொட்டனர்.

சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுவது நம் வகுப்பறைகளில் பெருவழக்கு. பிரித்த பகுதிகள் பொருத்தமான பொருள் தருவது மட்டும் சான்றாகாது என்பதற்கு ‘ஐமர்’ தக்க எடுத்துக்காட்டு. பழைய வடிவங்களையும் இனமொழி வடிவங்களையும் ஒப்புநோக்கிய பின்னரே முடிவு கூறல் வேண்டும். சொற்பொருளின் காரணம் எளிதில் புலப்படாது எனத் தொல்காப்பியர் உரியியலில் உணர்த்தியதும் இவ்வெச்சரிக்கையையே. மாணவர் ஒரு பிரிப்பைக் கூறும்போது, ‘பொருந்துகிறதா?’ என்பதோடு ‘பழைய வடிவம் யாது?’ என்றும் ஆசிரியர் வினவுதல் நன்று.