4,200 ஆண்டு பழைய இரும்பு கிடைத்த மாவட்டம்... அதை உருக்கும் கலையை இப்போ யாரிடம் கற்பது?

ஓசூரில் இருந்து கர்நாடகாவின் மாலூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது பாகலூர். ஓசூர் சுற்றுவட்டாரம் என்றாலே இரும்பு வேலைதான். லாரி, பைக், கைக்கடிகாரம் என்று பெரிய கம்பெனிகள், அவற்றுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள், ஐடிஐ முடித்துவிட்டு ஷிஃப்ட்டுக்கு ஓடும் இளைஞர்கள். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் பக்கம் உள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதாவது சுமார் 4,200 ஆண்டு. 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, தமிழ்நாட்டு இரும்பின் வயதை 5,300 ஆண்டுகள் வரை கொண்டு போனது.

வயது தெரிந்துவிட்டது. ஆனா, அந்த இரும்பை எப்படி எடுத்தாங்க? ஒரு கூடை தாதுமண்ணும் ஒரு மூட்டை அடுப்புக்கரியும் கையில் கொடுத்தால், அதிலிருந்து ஒரு அரிவாள் வரைக்கும் கொண்டுவரத் தெரிந்தவர்கள் இன்றைக்கு எத்தனை பேர்? ஐடிஐ-யில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று பாடம் உண்டு. எல்லாமே ஏற்கெனவே இரும்பாக வந்த பொருளில் தொடங்குகிற வேலை. மண்ணிலிருந்து இரும்பு எடுப்பது வேறு கதை.

இப்படி கைவிட்டுப்போன பழைய வேலைகளை, அந்தக் காலத்து முறையிலேயே மறுபடி செய்து பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு உலகின் பல நாடுகளில் வகுப்புகளும் பயிற்சி முகாம்களும் நடக்கின்றன.

வேஷம் போட்டு விளையாடுவதா இது?

பார்க்கும்போது அப்படித்தான் தெரியும். அமெரிக்காவின் பெர்க்லியில் 1966-ல் சில நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு சங்கம், இடைக்கால ஐரோப்பிய உடை போட்டு, கவசம் மாட்டி, வாள் சுழற்றுவதில்தான் ஆரம்பித்தது. போகப்போக உறுப்பினர்கள் அந்த உடையை நெய்யவும், அந்தக் கவசத்தை அடிக்கவும், அந்தக் காலத்துச் சமையலைச் செய்யவும் கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஐரோப்பாவின் பழைய வாள் சண்டையும் இப்படித்தான் மீண்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆயுத அருங்காட்சியகத்தில் 1300-களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. வாளும் சின்னக் கேடயமும் பிடித்துச் சண்டையிடும் படங்கள் நிறைந்தது அது. அதை வைத்து, ஒவ்வொரு அடியையும் கையால் செய்து பார்த்துத்தான் இப்போதைய பயிற்சியாளர்கள் பாடம் அமைத்திருக்கிறார்கள்.

'சரி, இதனால் யாருக்கு லாபம்?' என்று கேட்பவர்களுக்கு பிரான்ஸில் ஒரு பதில் இருக்கிறது. பர்கண்டி பகுதியில் கெதலோன் என்ற இடத்தில் 1997 முதல் ஒரு கோட்டை கட்டப்பட்டு வருகிறது. 13-ஆம் நூற்றாண்டு முறையில். கல் உடைப்பது, சுண்ணாம்பு சுடுவது, மரம் செதுக்குவது எல்லாமே கைவேலை. ஆர்வமுள்ளவர்கள் சில நாள் தங்கி வேலை கற்கவும் இடம் உண்டு. பொழுதுபோக்கு என்று பலர் நினைத்தார்கள். 2019 ஏப்ரல் 15-ல் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயக் கூரை எரிந்தது. பழையபடியே கருவாலி மரத்தில், கோடரியால் செதுக்கிய சட்டங்களால் கூரை அமைப்பது என்று முடிவானபோது, அந்த வேலை தெரிந்த தச்சர்கள் வேண்டுமே! கெதலோனில் கை பழகியவர்களும் அந்த வேலையில் இறங்கினார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் திறக்கப்பட்டது.

நம்ம ஊர் உருக்கில் அப்படி என்ன விசேஷம்?

பாகலூர் மாதிரி எல்லையோர ஊர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். தமிழில் உருக்கு, தெலுங்கிலும் கன்னடத்திலும் உக்கு. விசாகப்பட்டினம் ஆலைக்கான போராட்டங்களில் கேட்கும் அதே சொல். இந்த 'உக்கு' வெள்ளைக்காரர்கள் வாயில் மருவித்தான் 'வூட்ஸ்' ஆனது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தென்னிந்தியாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் கட்டிகளாகப் போன அந்த எஃகில்தான் மேற்காசியாவின் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் அடிக்கப்பட்டன.

செய்முறையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏன்னா விஷயமே அதில்தான் இருக்கு.

முதல் கட்டம், தாதுவை இரும்பாக்குவது. ஆள் உயரத்துக்கும் குறைவான களிமண் உலை. அதில் கரியும் தாதுவும் மாற்றி மாற்றிக் கொட்டி, தோல் துருத்தியால் ஊத வேண்டும். வெப்பம் சுமார் 1,200 டிகிரி வரை போகும். இரும்பு உருக 1,538 டிகிரி தேவை. அதனால் இங்கே இரும்பு உருகாது. அதனோடு இருக்கும் கசடுதான் உருகி வழியும். அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புக் கட்டி மிஞ்சும். அதைச் சுடச்சுட சம்மட்டியால் அடித்து மிச்சக் கசடையும் வெளியேற்ற வேண்டும். வெளியேறிய கசடுதான் நம் ஊர்களில் சொல்லும் கிட்டம்.

இரண்டாவது கட்டம், அந்த இரும்பை எஃகாக்குவது. இதை 1830-களில் பார்த்து எழுதியவர் ஹீத் என்ற ஆங்கிலேயர், பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தவர். அவர் சொல்லும் சேலம் மாவட்டத்துக்குள்தான் அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருந்தன. அவர் குறிப்பின்படி, களிமண்ணோடு கருக்கிய நெல் உமியை நிறையக் கலந்து சின்ன மூசைகள் செய்வார்கள். அதற்குள் இரும்புத் துண்டுகள், அவற்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவார மரத்துண்டு, மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபது இருபத்துநாலு மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி.

ஆவாரமும் எருக்கும் எதுக்கு? மந்திரம் இல்லை, கரிமம். மூடிய மூசைக்குள் அவை கருகும்போது கரிமம் இரும்புக்குள் போகிறது. கரிமம் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பநிலை இறங்கும். இப்படிச் சுமார் 1.5 சதவீதம் கரிமம் ஏறிய எஃகுதான் வூட்ஸ். சாதாரணத் தேனிரும்பில் இருப்பது 0.1 சதவீதத்துக்கும் குறைவு.

எழுதி வைத்திருக்கிறார்களே, அது போதாதா?

போதாது. அதற்கு வரலாற்றே சாட்சி. 1790-களில் வூட்ஸ் கட்டிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. ஐரோப்பிய கொல்லர்கள் அதை வாங்கி, தங்கள் வழக்கப்படி வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சி அடித்தார்கள். கட்டி நொறுங்கிப் போனது! கரிமம் அதிகமுள்ள எஃகை அவ்வளவு சூட்டில் அடிக்கக் கூடாது. செந்நிறத்தில், ஒரு குறுகலான சூட்டு எல்லைக்குள்ளேயே அடிக்கணும். இங்கே பட்டறையில் கண் பார்த்தே சொல்லும் பதம் அது. ஏட்டில் 'காய்ச்சி அடி' என்று மட்டும் இருந்தால் என்ன பயன்?

மைக்கேல் ஃபாரடேவும் இதில் இறங்கினார். கொல்லர் வீட்டுப் பிள்ளைதான் அவர். 1819 முதல் சில ஆண்டுகள் வூட்ஸை ஆராய்ந்து, அலுமினியச் சேர்மம்தான் காரணம் என்று நினைத்தார். அது தவறு. ஆனால் அந்தத் தேடல்தான் அவரைக் கலப்பு எஃகு ஆராய்ச்சிக்குக் கொண்டு போனது.

இதற்குள் இங்கே உலைகள் அணையத் தொடங்கிவிட்டன. இங்கிலாந்தில் இருந்து மலிவான இரும்பு வந்து இறங்கியது. 1856-ல் பெஸ்ஸமர் முறை வந்ததும் எஃகு விலையும் சரிந்தது. 1865, 1878 வனச் சட்டங்களும் 1882 மெட்ராஸ் வனச் சட்டமும் காட்டுக்குள் போய்க் கரி சுடுவதைக் கட்டுப்படுத்தின. கரி இல்லாமல் உலை ஏது? உருக்கும் வேலை நின்றது. ஊர்க் கொல்லர்கள் வாங்கிய இரும்பில் ஏர்க்கொழுவும் அரிவாளும் அடித்துத் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

மறுபடி செய்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆல் பென்ட்ரே என்பவர் குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழில்காரர். பொழுதுபோக்காக வூட்ஸ் செய்யத் தொடங்கி, பல கட்டிகள் பாழாகி, மெல்ல டமாஸ்கஸ் வாளின் அலைக்கோலம் தெரியும் கத்தியை அடித்தார். அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன் அவரோடு சேர்ந்து அளந்தார். 1998-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சொன்ன விஷயம் பலரையும் ஆச்சரியப்படுத்தியது: தாதுவில் மிகமிகச் சிறிய அளவு வனேடியம் போன்ற தனிமங்கள் இருந்தால்தான் அந்த அலைக்கோலம் வருகிறது. சரியான தாது கிடைக்காமல் போனதும், கை பழகிய கொல்லருக்கே கோலம் வராமல் போயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பட்டறையில் நின்று செய்து பார்த்ததால் எழுந்த கேள்வி இது.

இன்னொரு சம்பவம் நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையில் நடந்தது. பலாங்கொடைப் பகுதியில் சமனலவெவ அணை கட்டும்போது நடந்த ஆய்வில், மலைச்சரிவுகளின் மேற்குப் பக்கத்தில் வரிசையாக உலைத்தடங்கள் தெரிந்தன. கி.பி. 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை நடந்தவை. துருத்தி வைத்து ஊதியதற்கான அறிகுறி இல்லை. வெறும் காற்றில் இவ்வளவு சூடு வருமா என்று நிபுணர்கள் சந்தேகப்பட்டார்கள். தொல்லியலாளர் கில் ஜூலெஃப் வாதம் பண்ணிக்கொண்டு இருக்கவில்லை. உள்ளூர் களிமண்ணில் அதே மாதிரி உலை கட்டி, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் மூட்டிப் பார்த்தார். சரிவில் ஏறிவரும் காற்று உலையின் முன்சுவர் விளிம்பைத் தாண்டும்போது அங்கே அழுத்தம் குறைந்து, ஊதுகுழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. கிடைத்தது இரும்பு மட்டும் இல்லை, கரிமம் அதிகமுள்ள எஃகு! 1996-ல் இது 'நேச்சர்' இதழில் வெளியானது. ஆயிரம் ஆண்டு முன்னால் அந்த மலையில் வேலை பார்த்தவர்களின் அறிவு, உலை மூட்டிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.

இங்கே யார் கற்கலாம்?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் கொஞ்சம் சூடானது. இரும்பு வேலை காலங்காலமாக அப்பாவிடம் இருந்து மகனுக்குப் போனது. பட்டறை வாசலைத் தாண்டி வேற சாதிப் பையனோ, சொந்த வீட்டுப் பெண்ணோ துருத்தியோ சம்மட்டியோ பிடித்துத் தொழில்காரர் ஆனது அபூர்வம். 2023 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசின் 'பிஎம் விஸ்வகர்மா' திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் கொல்லர் வேலையும் உண்டு. குலத்தொழிலை வலியுறுத்துகிறது என்று சொல்லி அதை இப்போதைய வடிவில் ஏற்க மறுத்த தமிழ்நாடு அரசு, சாதி, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல் 'கலைஞர் கைவினைத் திட்டம்' கொண்டு வந்தது. இரண்டுமே தொழில் நடத்துகிறவர்களுக்குக் கைகொடுக்கும் திட்டங்கள். தாதுவில் இருந்து உருக்கு வரை கற்றுக்கொடுப்பது அவற்றின் வேலை அல்ல.

வகுப்பு என்ற வடிவம் முக்கியமாவது இங்கேதான். சிலம்பத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் வாத்தியார் வீட்டுக் களத்தில் மட்டும் இருந்தது. இப்போது சின்ன ஊர்களில்கூட மாலை நேரத்தில் பெண் பிள்ளைகள் கம்பு சுற்றுகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது செயல்முறை விளையாட்டாக இடம்பெற்றது. சிற்பத்துக்கு மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசுக் கல்லூரியே இருக்கிறது. சிலம்பமும் சிற்பமும் நடுவில் அறுந்துபோகாததால் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள். உருக்கு அப்படி இல்லை. அதை முதலில் மீட்டெடுத்துவிட்டுத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். அதற்கு உலோகம் படித்தவரும், சூட்டின் நிறம் தெரிந்த வயதான கொல்லரும் ஒரே உலை முன்னால் நிற்க வேண்டும். முதல் வகையினர் ஓசூர் கம்பெனிகளில் நிறையவே இருக்கிறார்கள். இரண்டாவது வகையினரின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

ஆர்வம் இருந்தால் என்ன செய்யலாம்? எதைச் செய்யக்கூடாது?

யூடியூப் பார்த்து மாடியில் உலை மூட்ட வேண்டாம். கரி உலையில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். ஈரமான களிமண் மூசை சூட்டில் வெடிக்கும்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இந்த மாவட்டத்து நடுகற்களைப் பார்க்கலாம். வீரன் கையில் இருக்கும் வாள், குறுவாள், வில் எல்லாம் கல்லிலேயே தெரியும். உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வயல்வரப்பிலோ கிட்டக் குவியல், உடைந்த மண் மூசை, ஊதுகுழாய்த் துண்டு கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், ஜேசிபி விட்டுச் சமன் செய்யவும் விடாதீர்கள். கிடக்கிற நிலையிலேயே போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ மாநிலத் தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். எந்தத் துண்டு எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் உலை எங்கே நின்றது, காற்று எந்தப் பக்கம் இருந்து போனது என்று கண்டுபிடிக்க முடியும். சமனலவெவயிலும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.