மொண்டிசோரி: பெயர் நிலைத்தது, முறை நிலைத்ததா?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். கொட்டாஞ்சேனையின் குறுக்குத் தெருக்களிலும் நடந்து பாருங்கள். மதிலுக்கு மதில் “மொண்டிசோரி” என்ற பெயர்ப்பலகை. நமது வீடுகளிலும் அது சாதாரணப் பேச்சுச் சொல்லாகிவிட்டது. “மகளுக்கு மூணு வயசாகுது, மொண்டிசோரில போடணும்” என்கிறோம். பாலர் பாடசாலை எல்லாமே நமக்கு மொண்டிசோரிதான். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதும், அவர் இந்த மண்ணுக்கு வந்து பாடம் நடத்தினார் என்பதும் பலருக்குத் தெரியாது.

மரியா மொண்டிசோரி 1870இல் இத்தாலியில் பிறந்தவர். டொக்டருக்குப் படித்தவர். 1907 ஜனவரி 6ஆம் திகதி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தமது முதலாவது “குழந்தைகள் இல்லத்தை”த் தொடங்கினார். இன்று பணக்காரப் பிள்ளைகளின் படிப்பு என்று பேசப்படும் முறை, பெற்றோர் வேலைக்குப் போனபின் மாடிப்படிகளில் திரிந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது.

1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால் இத்தாலியரான அவர் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கி வேலை செய்தார். 1944இல் இலங்கைக்கு வந்து, பிறந்தது முதல் மூன்று வயது வரையான பருவம் பற்றி 30 விரிவுரைகள் நிகழ்த்தினார். அவை பின்னர் ஏ. ஞானப்பிரகாசம் என்பவரால் தொகுக்கப்பட்டு நூலாயின. அவரிடம் பயின்ற இலங்கையரான லீனா விக்ரமரத்ன பிற்காலத்தில் அமெரிக்கா சென்று அங்குள்ள ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆகவே இந்த முறை நமக்கு யாரோ சொல்லக் கேட்டு வந்ததல்ல, மூலவர் வாயிலிருந்தே வந்தது.

அந்த முறைதான் என்ன?

மூன்று முதல் ஆறு வயது வரையான பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். பொருள்கள் பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டுகளில் இருக்கும். பிள்ளை தானே ஒன்றை எடுத்து, பாயை விரித்து, வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். ஒரு செண்டிமீற்றரிலிருந்து பத்து செண்டிமீற்றர் வரையான பத்துக் கட்டைகளை அடுக்கும் “இளஞ்சிவப்புக் கோபுரம்” அதில் ஒன்று. பிழையாக அடுக்கினால் கோபுரமே காட்டிக் கொடுத்துவிடும். டீச்சர் “பிழை” என்று சொல்லத் தேவையில்லை. மணல்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகிய பிறகே பென்சில் வரும்.

இன்னொன்று முக்கியம். ஒவ்வொரு பொருளும் அறையில் ஒன்றே ஒன்றுதான். அடுத்த பிள்ளை வைத்திருந்தால் காத்திருக்க வேண்டும். பொறுமை அங்கே பாடமாக ஓதப்படுவதில்லை, அன்றாடப் பழக்கமாகிறது.

கொட்டாஞ்சேனையில் அப்படியொரு அறையில் படித்தவன் நான். அங்கே படித்த பாட்டுகள் ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் இன்றும் கதிரையை இழுக்க மாட்டேன், தூக்கித்தான் வைப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். “வாப்பா, இழுத்தாப் போதாதா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கை கேட்காது. ஐந்து வயதில் படிந்தது அது.

இது என் ஒருவனின் கதை மட்டுமா? ஆய்வு என்ன சொல்கிறது? ஏஞ்சலின் லில்லார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2006இல் மில்வாக்கி நகரில் செய்த ஆய்வு “சயன்ஸ்” இதழில் வெளிவந்தது. குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டார். ஐந்து வயதில் எழுத்தறிவு, கணிதம், பழகும் முறை ஆகியவற்றில் மொண்டிசோரிப் பிள்ளைகள் முந்தினார்கள். பன்னிரண்டு வயதிலோ வாசிப்பு, கணிதப் பரீட்சைகளில் வித்தியாசம் தெரியவில்லை. கட்டுரையின் புதுமையிலும், சச்சரவைத் தீர்க்கும் விதத்திலும், பாடசாலையைத் தம்முடையதாக எண்ணுவதிலும் வித்தியாசம் தெரிந்தது. 2021இல் அவரும் சகாக்களும் 18 முதல் 81 வயது வரையான 1905 பேரிடம் விசாரித்தபோது, இரண்டு வருடமாவது மொண்டிசோரியில் படித்தவர்கள் கூடுதல் மனநிறைவுடன் இருந்தார்கள். அது படிப்பினால்தானா, அப்படிப்பட்ட பாடசாலையைத் தேடிய பெற்றோரின் வளர்ப்பினாலா என்பதை அந்த ஆய்வினால் மட்டும் தீர்மானிக்க முடியாது. என்றாலும் ஒன்று விளங்குகிறது: நீடிப்பது புள்ளிகளல்ல, பழக்கமும் குணமும்தான்.

இங்கேதான் நமது கவலை. மொண்டிசோரி என்ற பெயருக்குக் காவல் இல்லை. அது பொதுச்சொல் என்று அமெரிக்காவில் 1967இலேயே தீர்ப்பாயிற்று. பெயர்ப்பலகை போட யாரும் தடையில்லை. விளைவு, மூன்று வயதுப் பிள்ளையின் பையில் நாலு கொப்பி, தினமும் ஹோம்வேர்க், வருட முடிவில் கச்சேரி. குற்றம் டீச்சர்மாரிடம் மட்டுமல்ல. “இன்னும் எழுதப் பழக்கல்லியா டீச்சர்?” என்று வாசலில் நின்று கேட்பவர்கள் நாம்தான். ஐந்து வயதில் தரம் ஒன்று, அதற்கொரு நேர்முகப் பரீட்சை என்ற பயம் நம்மை விரட்டுகிறது.

பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு காலை நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள். டீச்சர் எந்தப் பயிற்சி பெற்றவர்? பொருள்கள் பிள்ளையின் கைக்கு எட்டுகின்றனவா, அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா? வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கிறார்களா? ஒரு பிள்ளை விரும்பிய வேலையை இடையூறின்றி நெடுநேரம் செய்ய முடிகிறதா? இந்த நாலு கேள்விக்கும் விடை கிடைத்தால் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டியதில்லை.

நல்ல இடம் கிடைக்காதவர்களும் மனம் தளர வேண்டாம். வுளூச் செய்வதை ஒவ்வொரு படியாக, மெதுவாக, அதிகம் பேசாமல் பிள்ளைக்குச் செய்து காட்டிவிட்டு விலகி நில்லுங்கள். முஸல்லாவை அதுவே மடித்து வைக்கட்டும். தண்ணீர் சிந்தினால் துடைக்கத் துணியைக் கொடுங்கள், ஏச வேண்டாம். மொண்டிசோரி அம்மையார் டீச்சர்மாரிடம் கேட்டதும் இந்தப் பொறுமையைத்தான்.