விடைத்தாள் இல்லாத தேர்வு: நிகழ்த்துகலைக் கல்வியில் சாதி நுழையும் வாசல்கள்

பொறியியல் கல்லூரியிலோ சட்டக் கல்லூரியிலோ மதிப்பெண் குறித்து ஐயம் எழுந்தால், மாணவர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இது அவரது உரிமை என்று 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால், இசையும் நடனமும் நாடகமும் பயிலும் மாணவருக்கு இந்த உரிமையால் பெரும் பயன் இல்லை. அவரது முதன்மைத் தேர்வு குரலிலும் உடலிலும் நிகழ்கிறது. பாடி முடித்தபின் எஞ்சுவது தேர்வாளர் குறித்த ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன அளவுகோல் இருந்தது என்பதை எவரும் மறுபரிசீலனை செய்ய இயலாது. நிகழ்த்துகலைக் கல்வியில் சாதி நுழைய வசதியான வாசல் இதுவே. இதைச் சட்டத்தின் துணையோடு எவ்வாறு அடைப்பது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

எது கலை என்று தீர்மானித்தவர்கள்

கோயிலிலும் அரண்மனையிலும் வீதியிலும் வாழ்ந்த கலைகள் கல்வி நிறுவனங்களுக்குள் வந்தது கடந்த நூறாண்டுகளின் கதை. 1928இல் சென்னையில் மியூசிக் அகாதெமி தோன்றியது. 1936இல் கலாக்ஷேத்திரா நிறுவப்பட்டது. அதே காலத்தில் சதிர் பரதநாட்டியம் எனப் பெயர் மாறி, அதை வாழ்வாகக் கொண்டிருந்த பெண்களிடமிருந்து ஆதிக்கச் சாதிக் குடும்பங்களின் மேடைக்கு நகர்ந்தது. எது செவ்வியல், எது நாட்டுப்புறம் என்ற பிரிவினையும் இந்நகர்வோடு இறுகியது. பாடத்திட்டம் அந்தப் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டது.

மிருதங்கம் இதற்குத் தெளிவான சான்று. அது பட்டப்படிப்புக்குரிய பாடம். அதற்குரிய பசு, ஆடு, எருமைத் தோல்களைப் பதப்படுத்தி, வெட்டி, கட்டி, நாதம் பிடித்துத் தருபவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களது அறிவுக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020இல் வெளியிடப்படவிருந்தபோது, அரங்கு தருவதற்கு அளித்த இசைவைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றது. வாசிப்பவருக்குப் பட்டமும் செய்பவருக்கு மௌனமும் என்ற ஏற்பாடு எவ்வளவு ஆழமானது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

இடம் உண்டு, பிறகு?

கல்லூரிச் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டின் வரலாற்றில் சென்னை மாகாணத்துக்கு முக்கிய இடம் உண்டு. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாது என உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் 15(4) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. பின்னர் வந்த 15(5), சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலாகத் தனியார் கல்வி நிறுவனங்களிலும் ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, அதனுள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் முறையே பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு.

ஆனால், நிகழ்த்துகலைப் படிப்புகளுக்கான சேர்க்கையில் செயல்முறைத் தேர்வோ நேர்காணலோ இருப்பது வழக்கம். “யாரிடம் கற்றாய்?”, “வீட்டில் யாராவது பாடுவார்களா?” என்பவை அங்கே இயல்பான கேள்விகளாகக் கருதப்படுகின்றன. பல ஆண்டுகள் தனிப் பயிற்சிக்குப் பணம் செலவிட முடிந்த குடும்பத்தின் பிள்ளைக்கு இவற்றுக்கு விடை தயாராக இருக்கும். முதல் தலைமுறை மாணவருக்கு அதே கேள்வி சாதியையும் வர்க்கத்தையும் ஒருசேர விசாரிக்கும் கேள்வியாகிவிடும்.

இங்கே 1981இல் வந்த அஜய் ஹாசியா தீர்ப்பை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண்கள் இருந்தன. இரண்டு மூன்று நிமிடமே நீடித்த நேர்காணலில் பெற்றோர், ஊர் பற்றிய கேள்விகள் மட்டுமே கேட்கப்பட்டன என்று மாணவர்கள் முறையிட்டனர். மொத்த மதிப்பெண்ணில் நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் சொன்னது.

பாடுவதும் ஆடுவதும் பாடத்தின் உயிர் என்பதால் 15 விழுக்காட்டு வரம்பைச் செயல்முறைத் தேர்வின் மீது அப்படியே சுமத்த இயலாது. ஆனால், அத்தேர்வோடு நடக்கும் வாய்மொழி நேர்காணலுக்கு அத்தீர்ப்பைச் சுட்டலாம். பதிவு செய்தல் என்ற யோசனை இரண்டுக்கும் பொருந்தும். சுருதி, தாளம், பாவம், நினைவாற்றல் என மதிப்பெண்ணைக் கூறுகளாகப் பிரித்து முன்கூட்டியே அறிவிக்கும்படி கேட்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வாளர்கள் தனித்தனியே மதிப்பெண் இடவும், ஒளிப்பதிவு பாதுகாக்கப்படவும் கேட்கலாம். அரசு நிறுவனம் எனில், தம் மதிப்பெண் பட்டியலையும் மதிப்பீட்டு விதிகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கோரலாம்.

வகுப்பறைக்குள்

2024 மார்ச் மாதம் கேரளத்தில் மூத்த நடனக் கலைஞர் ஒருவர், கறுத்த நிறமுடைய ஆண்கள் மோகினியாட்டம் ஆடத் தகுந்தவர்கள் அல்லர் என்ற பொருளில் பேட்டியளித்தார். அது தம்மையே குறிப்பதாக ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன் புகார் செய்தார். மோகினியாட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற தலித் கலைஞர் அவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. அந்தச் சர்ச்சையை ஒட்டிக் கேரள கலாமண்டலம் ஆண்களுக்கும் மோகினியாட்டப் படிப்பைத் திறந்துவிட்டது. 2025 ஜனவரியில் ராமகிருஷ்ணன் அங்கேயே பரதநாட்டிய உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். அழகு, முகவெட்டு, நிறம் எனக் கலையின் மொழியில் பேசப்படுபவை எவ்வாறு சாதியின் மொழியாகவும் இருக்கின்றன என்பதை நாடே பார்த்த தருணம் அது.

அந்தப் பேச்சு ஊடகத்தில் வெளியானதால் வழக்காயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகளுக்கு இழிவுபடுத்தல் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். பொதுமக்கள் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நடந்தது இதில் அடங்காது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இசை, நடனப் பயிற்சியோ பெரும்பாலும் குருவும் மாணவரும் மட்டும் இருக்கும் அறையில் நடைபெறுகிறது. ஆகவே, இத்தகைய நிகழ்வுகளில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள் முக்கியமாகின்றன. சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் கல்லூரியில் இருக்க வேண்டும். புகாரின் மீது 60 நாள்களில் முடிவு எடுக்கப்பட வேண்டும். பொதுப் பார்வை என்ற நிபந்தனை இங்கே இல்லை. நாள், நேரம், சொன்ன சொல், பார்த்தவர் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவைப்பது புகாருக்கு வலுச் சேர்க்கும்.

பறை கல்லூரிக்குள் வரும்போது

2025இல் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறையைப் பாடமாக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இது வலுவூட்டுகிறது. அதே நேரத்தில், சாவுக்குப் பறையடிக்க மறுத்ததும் நம் விடுதலை வரலாற்றின் ஒரு பகுதி. விருப்பத்தோடு கற்பதற்கும் பிறப்பின் பெயரால் அடிக்கப் பணிக்கப்படுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கல்லூரிகள் உணர வேண்டும். தலித் மாணவரைப் பறைத் துறைக்கும் மற்றவரை வீணைத் துறைக்கும் அனுப்பும் ஏற்பாடு பழைய சேரியைப் புதிய வளாகத்தில் கட்டுவதாகவே முடியும்.

கற்பிப்பவர் யார் என்பதும் முக்கியம். பட்டம் இல்லை என்ற காரணத்தால் ஆசான்கள் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், துறைசார் அனுபவப் பேராசிரியர்களை முறையான பட்டம் கட்டாயமின்றி நியமிக்க இடமளிக்கின்றன. 15 ஆண்டு அனுபவம் எதிர்பார்க்கப்படுகிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை இவ்வாறு நியமிக்கலாம். தோற்கருவி செய்வோரையும் பறை ஆசான்களையும் இவ்வழியே அழைக்கும்படி ஒவ்வொரு கல்லூரியிடமும் நாம் கேட்கலாம்.

அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் மாணவர் அமைப்புகள் மூன்று கேள்விகளை எழுத்துமூலம் அனுப்பிவைக்கலாம். செயல்முறைத் தேர்வின் மதிப்பீட்டு விதி எங்கே வெளியிடப்பட்டுள்ளது? சென்ற ஆண்டு ஒதுக்கீட்டு இடங்களில், துறைவாரியாக எத்தனை நிரம்பின? பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் யார்? பதில் வந்தால் அது நமக்கு ஆவணம். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கான காரணம் கையில் இருக்கும்.