மலைக்கு நடப்பவரின் மூட்டை: எடையைக் குறைப்போம், பெயரைக் காப்போம்

கார்த்திகை முதல் தேதி நெருங்கினால் நம் மாவட்டத்து மளிகைக் கடைகளில் ஒரு தனி வியாபாரம் தொடங்கிவிடுகிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலும் முதுநகரிலும், சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளிலும் குருசாமி எழுதிக் கொடுத்த சீட்டுடன் ஐயப்ப பக்தர்கள் வந்து நிற்கிறார்கள். பச்சரிசி, வெல்லம், நெய், தேங்காய், கற்பூரம், பன்னீர் என்று சீட்டு நீளும். நாமும் எடுத்துக் கட்டிக் கொடுத்துக் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறோம். கட்டிய மூட்டை யார் தலையில், எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் வணிகர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பம்பையிலிருந்து சன்னிதானம் வரை சுமார் 5 கிலோமீட்டர் ஏற்றம். எருமேலியிலிருந்து பெருவழியில் போகிறவர்களுக்கோ அழுதை, கரிமலை என்று காட்டுக்குள்ளேயே நெடுந்தூரம் நடை. பலர் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் ஒரு சோதனை.

உலகெங்கும் ஒரே கணக்கு

காட்டுக்குள் நடப்பவர் மூட்டை கட்டுவதற்கு எந்த நாட்டிலும் முறை ஒன்றுதான். அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் அரசு அனுமதி பெற்று மான் வேட்டைக்குப் போகிறவர்கள் நாட்கணக்கில் நடக்கிறார்கள். திரும்பும்போது இறைச்சியையும் சுமந்து வர வேண்டும் என்பதால், போகும்போது ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்துப் பார்த்தே எடுக்கிறார்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி, அவசரத்துக்கு வேண்டியது மேலே, நனையக் கூடாதது தனி உறைக்குள் என்பது அவர்கள் முறை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். வேட்டை நமக்கு வேண்டாம்; மூட்டை கட்டும் முறை மட்டும் போதும்.

நெடுநேரம் நடப்பவர் தம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமல் இருப்பது நலம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உரித்த முற்றிய தேங்காய் ஏறக்குறைய அரைக் கிலோ. மூன்று தேங்காய், ஒரு லிட்டர் தண்ணீர் என்றாலே இரண்டரைக் கிலோ போய்விட்டது. மாற்றுத் துணியும் போர்வையும் சேர்ந்தால் அரிசிக்கும் வெல்லத்துக்கும் மீதி எவ்வளவு என்று பாருங்கள்.

இருமுடியில் என்ன, ஜோல்னாப் பையில் என்ன?

இருமுடியின் முன்முடி பூஜைப் பொருளுக்கு. பின்முடி வழிச் செலவுக்கு. பல நாள் நடந்து, வழியில் தாமே பொங்கித் தின்ற காலத்தில் பின்முடியில் அரிசி, பருப்பு, புளி எல்லாம் வேண்டியிருந்தது. இன்று பாதையில் அன்னதானமும் உணவுக் கடைகளும் உண்டு.

2024ஆம் ஆண்டு மண்டல காலத்துக்கு முன்பு திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, சபரிமலைத் தந்திரியின் கருத்தை ஏற்று, கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் ஆகியவற்றை இருமுடியில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. முன்முடியில் பச்சரிசி, நெய்த் தேங்காய், வெல்லம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, காணிக்கைக் காசு. பின்முடியில் கொஞ்சம் அரிசி. இவ்வளவே போதும் என்பது அந்த அறிவிப்பின் சாரம். தீ அபாயம் கருதிச் சன்னிதானத்தில் கற்பூரம் ஏற்ற முடிவதில்லை. கொண்டுபோன பொருள் உறையோடு குப்பைக்குத்தான் போகிறது.

"கற்பூரமும் பன்னீரும் கொள்முதல் செய்து வைத்திருக்கிறோமே, என்ன செய்வது?" என்று நம் வணிகர்கள் கேட்கலாம். வீட்டுப் பூஜைக்கும், ஊரில் நடக்கும் படி பூஜைக்கும் அவை தேவைப்படும். அந்தக் கணக்கில் தனியே விற்கலாம். மலைக்குப் போகும் மூட்டையில் திணிக்க வேண்டாம். குருசாமி சொன்னபடியே வேண்டும் என்று வாடிக்கையாளர் வற்புறுத்தினால், தேவஸ்வம் அறிவிப்பைப் பணிவாக எடுத்துச் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட்டுவிடுவோம்.

அரிசியிலும் வெல்லத்திலும் மிச்சப்பட்ட எடையில் நடைக்கு உதவும் சரக்கைக் காட்டலாம். அவல், பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், நம் பண்ருட்டி முந்திரி ஆகியவை எடை குறைந்தவை, பசி தாங்குபவை, சமைக்க வேண்டாதவை. சுக்கும் கருப்பட்டியும் சிறு பொட்டலமாகப் போதும். வியர்த்துக் களைத்தவருக்கும் வயிற்றுப்போக்கு கண்டவருக்கும் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவில், கலந்து கொடுக்கலாம். ஒரு லிட்டருக்கு உரிய அளவைக் காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் விலை சில ரூபாய்தான், உதவி பெரிது. மழை நாளில் அட்டைப்பூச்சிக்கும் ஒரு சிறு துணி முடிப்பில் உப்பு வைக்கலாம்.

நெய்த் தேங்காயில் கவனம்

வழியில் நெய் கசிந்தால் மூட்டை முழுவதும் பாழ். அந்தப் பழி நம் கடைக்கு வரும். ஆகவே தட்டிப் பார்த்து, விரிசல் இல்லாத, ஓடு தடித்த நடுத்தரக் காயாக எடுத்துக் கொடுக்க வேண்டும். கண் வழியே நீரை வடித்து, உள்ளே ஈரம் காய்ந்த பிறகு, சூடு ஆறிய உருக்கு நெய்யை ஊற்ற வேண்டும். கண்ணுக்கு இறுக்கமாகப் பொருந்தும் தக்கையையும் காயோடு சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது. நெய்யில் மட்டும் மட்டச் சரக்கைக் காட்டக் கூடாது. அது அபிஷேகத்துக்குப் போகும் பொருள்.

பிளாஸ்டிக் உறை யார் வயிற்றில்?

சபரிமலை இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். யானையும் கடமானும் நடமாடும் காடு. உணவுப் பொருளின் உப்பும் இனிப்பும் ஒட்டிய உறையை அவை உறையோடு தின்றுவிடுகின்றன. இறந்த கடமானின் வயிற்றில் பிளாஸ்டிக் கண்டெடுக்கப்பட்டதும் உண்டு. துப்பாக்கி எடுக்காமலேயே நாம் மான் வேட்டை ஆடுகிறோமோ என்று நினைக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. அரிசிக்குத் துணி முடிப்பு, வெல்லத்துக்கு வாழையிலையும் காகிதமும், கடலைக்குச் சிறு துணிப்பை என்று நம் தாத்தா காலத்துக் கட்டுமுறையே இதற்குச் சரியான வழி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதப் பொட்டலம் நமுத்துப்போகும் என்பது உண்மைதான். எல்லாப் பொட்டலங்களையும் மூடியுள்ள ஒரே எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை. டப்பா திரும்ப வீட்டுக்கு வந்துவிடும். நமக்கும் ஒரு பாத்திர வியாபாரம்.

சட்டமும் பாதுகாப்பும்

வாடிக்கையாளர் எதிரில் இல்லாத நேரத்தில் முன்கூட்டியே கட்டி வைக்கும் பொட்டலம், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின் கீழ் வரும். கட்டியவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை அதில் இருக்க வேண்டும். 'இருமுடி செட்' என்று பெயரிட்டு அடுக்கி வைக்கும் கடைக்காரர்கள் இதை மறக்க வேண்டாம். எதிரில் நிற்பவருக்கு எடைபோட்டுக் கட்டிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

குழுவாக ரயிலில் போகிறவர்கள் சமைக்கச் சிறிய எரிவாயு சிலிண்டர் கேட்டால், கொடுக்கவும் வேண்டாம், வழி சொல்லவும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் மாண்டார்கள். ரயில் பெட்டிக்குள் கற்பூரம் ஏற்றுவதும் இதே ஆபத்துதான்.

இலாபம் எங்கே?

மூட்டை சிறுத்தால் வியாபாரமும் சிறுக்குமே என்று சிலர் தயங்கலாம். இருபது பேர் கொண்ட ஒரு குழுவில் ஒருவருக்கு இரண்டு கிலோ குறைத்துக் கட்டினால் நாற்பது கிலோ சரக்கு குறைவது மெய். ஆனால் மலையேறியவர் ஆண்டு முழுவதும் மளிகை வாங்குகிறவர். "அந்தக் கடையில் வேண்டாததைத் தலையில் கட்டவில்லை" என்ற சொல்லுக்கு ஈடான விளம்பரம் எந்தச் சுவரிலும் இல்லை. குருசாமி அடுத்த ஆண்டும் அதே கடைக்குத்தான் சீட்டை எடுத்து வருவார். திரும்பி வரும் ஒரு குருசாமி, நாற்பது கிலோ அரிசியைவிட மேலான வரவு.

ஆகவே, இந்தப் பருவத்தில் சீட்டைக் கையில் வாங்கியவுடன் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "சாமி, பெருவழியா, பம்பை வழியா?" பதிலுக்குத் தக்கபடி எடைபோடுவோம்.